கீரைப் பாத்தியில் நான் சொல்லாமல் விட்டது

சிங்களத்தில் ஒருவர் சொல்வதைத் தமிழில் சொல்வதும், தமிழில் கேட்டதைச் சிங்களத்தில் சொல்வதும்தான் என் தொழில். முன்பு கொழும்பு கொட்டாஞ்சேனையில் கப்பல் சரக்கு பார்க்கும் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்தேன். அங்கே இருந்த வருடங்களில் சிங்களம் நாக்கில் ஊறிவிட்டது. கந்தோரை மூடிய பிறகு, கூட்டம், பயிற்சி வகுப்பு, நீதிமன்றம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் உரைபெயர்ப்பாளராகப் போகத் தொடங்கினேன். வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் பெருவீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் நானும் கணவரும் குடியிருக்கிறோம்.

விவசாயிகளுக்கான திட்டம் ஒன்றுக்கு ஆள் வேண்டும் என்று ஒருநாள் தொலைபேசி வந்தது. வவுனியாவோ மட்டக்களப்போ என்று நினைத்து, எத்தனை நாள் தங்க வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் பேசிய பெண் சிரித்தார்.

"தெமட்டகொடைதான். பின்னேரம் வீட்டுக்குப் போகலாம்."

"தெமட்டகொடையில் ரயில்தானே நிக்குது," என்றார் கணவர், நான் விஷயத்தைச் சொன்னதும்.

எனக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் ரயில் யார்டுக்குப் பின்னால், தகரக் கூரை வீடுகளின் வரிசை முடிகிற இடத்தில், கால்வாய்க்கும் சதுப்புக்கும் நடுவே பச்சையாக ஒரு வெளி இருந்தது. கங்குங், பொன்னாங்காணி, வல்லாரை என்று கீரைகள். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு முதலாளியிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாத்தி கட்டி வைத்திருந்தன. விடியும்போது அறுத்து, வாழைநாரால் பிடி பிடியாகக் கட்டி, முச்சக்கர வண்டியில் கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கு அனுப்புவார்கள். இருபது வருடமாக நான் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறும் முன் வாங்கிய கீரை இங்கேயிருந்துதான் வந்திருக்க வேண்டும். அது எங்கே முளைக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

திட்டத்தின் அதிகாரி முப்பது வயதைத் தாண்டாத சிங்களப் பெண். எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டார்கள். சேற்றுக்கென்று ரப்பர் சப்பாத்து வைத்திருப்பார். கையில் எப்போதும் ஒரு கொப்பி. அவர் அங்கே வந்த நோக்கம் இதுதான்: மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும். யூரியாவைக் குறைத்துக் கூட்டெரு போட வேண்டும். ஒரே கங்குங்காக இல்லாமல் மூன்று நான்கு கீரையை மாறி மாறி நட வேண்டும். வரப்போரத்துப் புல்லையும் பூவையும் வெட்டாமல் விட வேண்டும். அப்படி விட்டால் சிலந்தியும் தும்பியும் தவளையும் வந்து, கீரையைத் தின்னும் பூச்சியைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

முதற்கூட்டம் சனசமூக நிலையத்தில் நடந்தது. வந்தவர்களில் அநேகம் பேர் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வேலை தேடி வந்து கொழும்பில் தங்கிவிட்டவர்கள். சந்தைக்குப் போதுமான சிங்களம் அவர்களுக்கு வரும். ஆனால் மிஸ் பேசியது படித்த சிங்களம். 'ஜைவ விவிதத்வய' என்று ஒரு சொல்லை அடிக்கடி சொன்னார். நான் உயிர்ப்பல்வகைமை என்றேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. பலவகைப்பட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வது என்றேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்காமலே கேட்டாள்.

"பூச்சியையும் சேத்து வளக்கச் சொல்றாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை அப்படியே சிங்களத்தில் சொல்ல, மிஸ்ஸும் சிரித்து, "ஓம், கிட்டத்தட்ட அப்படித்தான்," என்றார்.

அவளுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினைந்து வயதில் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் சமைக்க வந்தவள். பிறகு, யார்டில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கட்டினாள். அவர் வேகனிலிருந்து விழுந்து ஒரு கால் நேராக ஊன்ற முடியாமல் போனதும் இருவருமாகக் கீரைக்கு வந்துவிட்டார்கள். இதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் இரண்டாவதாகக் கேட்ட கேள்விதான் மண்டபத்தை அமைதியாக்கியது.

"உரம் இல்லாம ஆக்குனாங்களே, அந்த வருசமும் இப்புடித்தான் சொன்னாங்க. இயற்கைன்னு. நாங்க பட்டது எங்களுக்குத்தான் தெரியும். இப்ப மறுபடியும் என்னாத்துக்கு நம்புறது?"

மிஸ் இதற்கு நல்ல பதில் சொன்னார். அது உரத்தைத் தடை செய்து அரசாங்கம் ஒரே நாளில் போட்ட கட்டளை, யாருக்கும் ஆயத்தமில்லை. இது அப்படியில்லை. ஒரு பாத்தியில் தொடங்கலாம், சரிவராவிட்டால் விடலாம், தானும் கிழமைக்கு இரண்டு தரம் வருவதாகச் சொன்னார். நான் அதை மனம் வைத்துச் சொன்னேன். எப்போதும் அப்படிச் செய்வதில்லை. குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்வதுதான் என் வழக்கம். ஆனால் அன்றைக்கு அவர்கள் சம்மதிக்க வேண்டும் என்று எனக்கே ஒரு ஆசை வந்துவிட்டது. என் பேச்சு முடிந்தபோது பின்னால் இருந்த இரண்டு பேர் கைதட்டினார்கள். என் தொழிலில் எனக்கு ஒருவரும் கைதட்டியதில்லை.

அதற்குப் பிறகு மிஸ் இன்னும் கொஞ்சம் பேசினார். மழை தகரத்தில் விழத் தொடங்கியிருந்தது. பிளேன்டீயும் பணிஸும் வந்து, பாதிப்பேர் எழும்பிவிட்டார்கள். மிஸ் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "கால்வாய்த் தண்ணீரைப் பற்றி எங்களால் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. தண்ணீரையும் மண்ணையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அது பழுது என்று வந்தால் மருந்தை நிறுத்தினதால் மட்டும் கீரை நல்லதாகிவிடாது. அதனால் மறுமொழி வரும்வரை பழைய கடைக்காரர்களை விட்டுவிடாதீர்கள்."

நான் எழுந்து போகிறவர்களைப் பார்த்துச் சொன்னேன்: "தண்ணியையும் சோதிக்கக் குடுத்திருக்கினம்."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியைப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேனா, சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேனா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். பணிஸின் மணமும் இருந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆறு குடும்பங்கள் சம்மதித்தன. அதில் அந்தப் பெண்ணின் குடும்பமும் ஒன்று. மற்றவர்கள் ஒரு பாத்தியில் தொடங்க, அவள் மட்டும் முழுவதையும் மாற்றினாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, "ஒரு பக்கம் மருந்தும் ஒரு பக்கம் சும்மாவும்னா, அடிக்கிற காத்து கேக்குமாக்கா?" என்றாள். அப்போதே என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

முதல் இரண்டு மாதமும் மோசம். பச்சைப் புழு வந்து பொன்னாங்காணியை அரித்துவிட்டது. கங்குங் இலை சல்லடையாக இருந்தது. மிஸ் சொன்னபடி வேப்பங்கொட்டையை ஊறவைத்து வடித்துத் தெளித்தாள். அவள் புருஷன் சந்தைக் குப்பையிலிருந்து முட்டைக்கோவா இலையும் வாழைத்தண்டும் சாக்குச் சாக்காக இழுத்து வந்து, சாணியோடு அடுக்கிக் கூட்டெரு போட்டார். காலை இழுத்து இழுத்து நடந்தாலும் அந்த வேலையை வேறொருவரிடம் விடமாட்டார். கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்து, என்னையும் பார்க்கச் சொல்வார். பேச்சு அவருக்குக் குறைவு. "சுடுதா?" என்பார். சுடுகிறது என்றால் தலையை ஆட்டுவார்.

கொட்டாஞ்சேனையில் அவள் பத்து வருடமாகக் கீரை போட்டு வந்த கடைக்காரர் ஒரு பிடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "தங்கச்சி, இது கீரையா வலையா?" என்று கேட்டாராம். அடுத்த கிழமையும் அப்படியே கேட்டபோது, இனிப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதை அவள் என்னிடம் சொன்ன அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "கவலைப்படாதீங்க, எங்கட பக்கத்தில எடுப்பினம்," என்றேன்.

அப்படியே செய்தும் காட்டினேன். எங்கள் மாடிக் குடியிருப்பில் இருபதுக்கு மேற்பட்ட வீடுகள். அடுத்த ஒழுங்கையில் அவ்வளவு. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காணொளிகளைப் பார்த்து, எதில் என்ன நஞ்சு என்று பேசிக்கொண்டே இருக்கும் ஆட்கள். மருந்தடிக்காத கீரை என்றதும் பிடித்துக்கொண்டார்கள். கடைக்காரர் வேண்டாம் என்ற ஓட்டை இங்கே அத்தாட்சியாகிவிட்டது. "புழு திண்டிருக்குப் பாருங்கோ, அப்ப நல்லதுதான்," என்று எதிர்வீட்டு அக்கா மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வார். செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவள் 154 பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருக்காமல் தெரிந்த ஒருவரின் முச்சக்கர வண்டியில் இரண்டு கூடையோடு வந்து இறங்குவாள். கீழே வாசலில் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பிறகு மேலே வந்து என்னோடு ஒரு தேத்தண்ணி குடிப்பாள். நான் கங்குங்கை உள்ளி போட்டுத் தாளித்து, கணவருக்கும் எனக்குமாக வைப்பேன். இவ்வளவு ருசியான கங்குங்கை இதுவரை சாப்பிடவில்லை என்றார் கணவர். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான்காம் ஐந்தாம் மாதத்தில் அந்தக் கீரை வெளியின் முகமே மாறிவிட்டது. வரப்போரம் அவள் நட்ட செவ்வந்தி மஞ்சளாக நின்றது. வெட்டாமல் விட்ட புல்லில் சிலந்தி வலை, காலைப் பனியோடு. தும்பிகள் சிவப்பும் நீலமுமாக வந்தன. பொறிவண்டு வந்தது. கொக்குகள் முன்பும் வருமாம், இப்போது நீலக் கோழியும் வந்தது. மிஸ் பாத்திக்குள் குந்தியிருந்து எண்ணி எண்ணிக் கொப்பியில் எழுதுவார். ஒருநாள் ஏதோ ஒரு சின்னத் தவளையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தார். இது அசுத்தமான இடத்தில் இருக்காத வகை என்றார். நான் தமிழில் சொன்னேன். அவள் அந்தத் தவளையை நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"ராத்திரியெல்லாம் கத்திக்கிட்டே இருக்குங்க. இவருக்குத் தூக்கமில்ல," என்றாள். ஆனால் அவள் முகத்தில் சலிப்பில்லை.

மருந்தடிக்கிற நாளில் வரும் தலையிடி இப்போது இல்லை என்றும் சொன்னாள். விரல் இடுக்கில் எப்போதும் உரிந்து கிடந்த தோல் ஆறியிருந்தது. அதை எனக்குக் காட்டினாள்.

ஆய்வுகூடத்திலிருந்து மறுமொழி வராமலே இருந்தது. நான் இடையிடையே நினைப்பேன். வராததே நல்ல சகுனம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் மிஸ் கூப்பிட்டார். நாளைக் காலை வர முடியுமா என்றார். கூட்டமா என்று கேட்டேன். இல்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். குரல் வேறாக இருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாங்கள் முதலில் அவளிடம்தான் போனோம். முழங்கால் தண்ணீரில் நின்று அறுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய கீரை. எங்களைக் கண்டதும் கரைக்கு வந்து கையைப் பாவாடையில் துடைத்தாள். புருஷன் கூட்டெருக் குவியலடியில் இருந்தார். மிஸ் கொப்பிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, அதைப் பார்த்தபடியே பேசினார்.

தண்ணீரில் ஈயமும் கட்மியமும் இருக்கிறது. மண்ணிலும் இருக்கிறது. இரண்டும் உலோகம், உடம்புக்குக் கூடாது. மேலே கால்வாயோரம் பற்றரி உடைக்கிற இடங்கள், கராஜுகள், பழைய இரும்புக் குவியல்கள். பல வருடமாக வந்து படிந்தது. கங்குங் மற்றக் கீரைகளைவிட அதை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகையால் இந்தக் கீரையைச் சாப்பிடச் சொல்லித் திட்டத்தின் பெயரில் கொடுக்க முடியாது.

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அன்றைக்கு மட்டும் ஒரு சொல் விடாமல்.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"நல்லாக் கழுவுனா?"

போகாது என்றார் மிஸ். இலைக்கு உள்ளே இருக்கிறது.

"அவிச்சா?"

அவித்தாலும் போகாது.

"கெணத்துத் தண்ணி எடுத்து ஊத்துனா?"

மண்ணிலும் இருக்கிறதே என்றார்.

அவள் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இந்தத் தவளையெல்லாம்? தவள இருந்தா நல்ல எடம்னு இவங்கதானே சொன்னாங்க."

இதையும் சிங்களத்தில் சொன்னேன். மிஸ் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். தவளை சொல்வது வேறு, இந்தத் தாள் சொல்வது வேறு, இரண்டும் உண்மைதான் என்றார். மருந்து நின்றதால் தவளை வந்தது. ஆனால் உலோகம் தவளைக்குத் தெரியுமளவு இல்லை, தினமும் சாப்பிடுகிற மனிதருக்குத்தான் மெல்ல மெல்லச் சேரும் என்றார்.

"நாங்களும் தெனம் இதத்தான் சாப்பிட்டோம்," என்றார் அவள் புருஷன். குவியலடியிலிருந்து எழும்பாமலே சொன்னார். அதைச் சிங்களத்தில் சொல்லவும் வேண்டியிருந்தது. சொன்னேன்.

அப்போது அவள் மிஸ்ஸிடம் நேரே, தன் சந்தைச் சிங்களத்தில் கேட்டாள். தண்ணீர் இப்படியாக இருக்கலாம் என்று தொடங்கும்போதே தெரியாதா, தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று.

மிஸ்ஸுக்கு அது புதிராக இருந்தது. "அபி எதா கிவ்வனே," என்றார். நாங்கள் அன்றைக்கே சொன்னோமே.

அந்தளவு சிங்களத்துக்கு அவளுக்கு நான் தேவையில்லை. ஆனாலும் அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"அண்டைக்கே சொன்னதாச் சொல்றா," என்றேன். "பழைய கடைக்காரரை விட வேண்டாம் எண்டும் சொன்னவ. நான்தான் உங்களுக்கு அதைச் சொல்லேல்ல."

மிஸ் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்னதை நானே சிங்களத்திலும் சொன்னேன். அதுவும் என் வேலைதானே. மிஸ் தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்தார்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "ஏங்கக்கா?" என்று மட்டும் கேட்டாள். மழை பெய்தது, தேத்தண்ணி வந்தது என்று எப்படிச் சொல்வது? மறந்திட்டன் என்றேன். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். கீழே குனிந்து, அறுத்துப் போட்டிருந்த கங்குங்கை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். எங்களுக்கு நடக்க வழி விடுவதற்காக.

மிஸ்ஸோடு மற்ற ஐந்து வீடுகளுக்கும் போனோம். எல்லா இடத்திலும் அதே கேள்விகள், கழுவினால், அவித்தால். மாலையில் பேஸ்லைன் வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது மிஸ் மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் சொல்லியிருந்தாலும் அவர்கள் சேர்ந்திருக்கலாம். சேராமலும் விட்டிருக்கலாம். அந்தத் தெரிவு அவர்களுடையது."

அது கடிந்து சொன்னது அல்ல. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளவத்தையிலும் நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறந்தபடியே கேட்டுவிட்டு, சரி என்று மூடினார்கள். எதிர்வீட்டு அக்கா உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

"அவையளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுகொண்டுதான் எங்களுக்குத் தந்திருப்பினம்."

"இல்லையக்கா. அவைக்கு ஒண்டும் தெரியாது. பிழை என்னில."

"நீங்க நல்ல மனசில செய்தனீங்க. உந்தச் சனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது."

உந்தச் சனம் என்று அவர் சொன்னது மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை என்று எனக்கு விளங்கியது. நான் இன்னும் பலமாக மறுத்திருக்க வேண்டும். எத்தனையோ மாதமாக அவர் அவளோடு வாசலில் நின்று சிரித்துச் சிரித்துக் கதைத்து வாங்கியவர். எழும்பும்போது, இல்லையக்கா, அப்படிச் சொல்லாதீங்க என்று மட்டும் சொன்னேன்.

மற்ற ஐந்து குடும்பங்களும் ஒரு மாதத்துக்குள் மருந்துக்குத் திரும்பிவிட்டன. அதில் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஓட்டையில்லாத இலையைச் சந்தையில் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். சந்தையில் ஒருவரும் ஆய்வுகூடத் தாள் கேட்பதில்லை. நல்லபடி செய்யப் பார்த்தவர்களின் தண்ணீரைத்தான் சோதித்தார்கள். திட்டம் தண்ணீர் நல்லதாக உள்ள வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. மிஸ்ஸும் அங்கே போய்விட்டார்.

அவளிடம் போக எனக்குக் கால் வரவில்லை. மூன்று கிழமை கழித்துத்தான் போனேன். பாத்தியில் பாதி வெறுமையாகக் கிடந்தது. என்னைக் கண்டு, "வாங்கக்கா," என்றாள். முன்பு மாதிரி இல்லை, ஆனால் சொன்னாள். புருஷன் கதிரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்பால் போனார்.

"ரெண்டு வாரம் பழைய கடைக்குப் போட்டேன்," என்றாள், நான் கேட்காமலே. "வேப்பங்கொட்டைத் தண்ணி கூட அடிச்சு, ஓட்ட இல்லாததாப் பாத்துப் பொறுக்கிக் கட்டினேன். அவரு ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல."

"பிறகு?"

"பெறகு முடியல. ஒரு வயித்துப் புள்ளக்காரி என் முன்னாடியே ரெண்டு புடி வாங்கிக்கிட்டுப் போறா. அன்னைக்கு வந்து எல்லாத்தையும் புடுங்கிப் போட்டேன்."

செவ்வந்தி மட்டும் இருந்தது. அதைப் பெருக்கிக் கோயில் பூக்கடைகளுக்குப் போடலாம் என்று முயன்றாள். பூவை ஒருவரும் சாப்பிடுவதில்லைதானே என்றாள். நானும் ஜிந்துப்பிட்டிப் பக்கம் இரண்டு மூன்று கடைகளில் போய்க் கேட்டேன். மலைநாட்டுப் பூ பெரிதாக, இறுக்கமாக இருக்கும், இது கட்டினால் உதிர்கிறது என்றார்கள். ஒரு கடைக்காரர் எங்களுக்காக எடுத்துப் பார்த்தார். ஐப்பசி மழை விடாமல் பெய்து பூ செடியிலேயே அழுகியது. அத்தோடு முடிந்தது. நிலத்தை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்துக் குத்தகைக்கு எடுத்தவர் முதல் வேலையாகப் புல் கருகுகிற மருந்தை அடித்தார். வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கண்டேன். வரப்போரம் முழுவதும் பழுப்பாகச் சாய்ந்து கிடந்தது. கூட்டெருக் குவியல் இருந்த இடத்தில் சீமெந்துக் கல் அடுக்கியிருந்தார்கள். நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

போன வருடம் பொரளையில் அவளைக் கண்டேன். கணவருக்குக் கண் காட்ட வந்து, அவரை வரிசையில் இருத்திவிட்டு, தண்ணீர்ப் போத்தல் வாங்க வீதிக்கு வந்திருந்தேன். நீல நிறச் சீருடையோடு பஸ் தரிப்பில் நின்றாள். ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. ஒரு கொம்பனி மூலமாக எடுத்திருக்கிறார்களாம். புருஷன் பொரளைப் பக்கம் ஒரு மாடிக் கட்டிடத்தில் வாசல் காவலுக்கு இருக்கிறார், இருந்தபடியே பார்க்கிற வேலை, காலுக்குப் பரவாயில்லை என்றாள்.

அவள் கையை நான் பார்த்ததைக் கண்டிருக்க வேண்டும். விரல்களை மடக்கிக்கொண்டாள். கழுவுகிற மருந்து என்றாள். உறை தருவார்கள், ஆனால் கிழிந்தால் மறுபடி தருவதற்கு நாளாகும்.

"ரத்தம் சோதிச்சனீங்களா?" என்று கேட்டேன்.

"சோதிச்சு என்னாக்கா செய்றது? இருக்குன்னு சொன்னா எங்க போய் எடுக்கிறது?" என்றாள். பிறகு, "நீங்க?" என்று கேட்டாள்.

நாங்கள் சோதித்தோம். எங்களுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை என்று வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"நல்லதுங்க," என்றாள். உண்மையாகவே சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் சாப்பாடு கொடுக்கிறார்களா என்று, ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"மத்தியானம் குடுப்பாங்க. சோறும் பருப்பும். வாரத்துல ரெண்டு நாளு கங்குங் சுண்டல்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வந்துகொண்டிருந்த பஸ்ஸின் இலக்கத்தைப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

"எங்கேருந்து வருதுன்னு கேக்கறதில்ல," என்றாள். "பசிக்குதுல்ல."

அது அவளுடைய பஸ் இல்லை. அடுத்ததும் இல்லை. அதற்கடுத்து வந்ததில் ஏறினாள். முன்கதவடியில் நெரிசலாக இருந்ததால் திரும்பிப் பார்க்க இடமிருக்கவில்லை. நான் தண்ணீர்ப் போத்தலோடு திரும்பிப் போனபோது, என் கைப்பையிலிருந்த கணவரின் சீட்டு இலக்கத்தைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மறுபடி வரிசையின் கடைசியில் போய் இருந்தோம்.